மழுங்கிய வீல் நட்டை எப்படிக் கழற்றுவது?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி: தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் வீடு, பல வருடம் ஓடிய சின்ன கார், சக்கரத்துக்கு நான்கு நட்டு. பஞ்சர் ஆனதும் ஸ்டெப்னி மாட்டப் போனீர்கள். மூன்று நட்டு வந்துவிட்டது, நான்காவது அசையவில்லை. காரோடு கொடுத்த ஸ்பானரில் ஏறி மிதித்தபோது அது வழுக்கி, நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. வீட்டிலேயே எடுக்க முடியுமா, இல்லை வெல்டிங் வரை போக வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஆனால் இனிமேல் அந்த ஸ்பானரை அந்த நட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் முனையில் கொஞ்சம் இரும்பைச் சீவிக்கொண்டுதான் போகும். பாதி மழுங்கிய நட்டுக்கு வைத்தியம் நிறைய இருக்கிறது. முழு வட்டமாகிவிட்டால் அறுப்பதும் உடைப்பதும்தான் மிச்சம்.

முதலில் அவசரத்தைத் தணித்துக்கொள்வோம். இப்போதைய கார்களில் ஏறக்குறைய எல்லாமே டியூப்லெஸ் டயர்தான். ஆணி குத்தியது தரையில் படும் பகுதியில் என்றால், சக்கரத்தைக் கழற்றாமலேயே பஞ்சர் ஸ்ட்ரிப் போட முடியும். முன்சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால் கை நுழைய இடம் கிடைக்கும். பின்சக்கரம் என்றால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றி, ஆணி இருக்கும் இடத்தை வெளியே கொண்டுவர வேண்டும். பஞ்சர் கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டால் சில நிமிட வேலை. டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் இது நடக்காது. ஆனால் நடக்கிற இடத்தில், அடம்பிடிக்கும் நட்டோடு சாலையோரத்தில் போராட வேண்டிய தேவையே இல்லை. காற்றை நிரப்பி, கழற்றிய மூன்று நட்டையும் திரும்ப நன்றாக முடுக்கி, ஒர்க்‌ஷாப்புக்கு நிதானமாக ஓட்டிப் போய்விடலாம்.

வீட்டிலேயே பார்ப்பதாக இருந்தாலும் அந்த மூன்றையும் மாட்டி முடுக்கியே வையுங்கள். இது பலருக்குத் தோன்றாத விஷயம். மற்றவை கழன்ற நிலையில் சக்கரத்தின் இறுக்கம் முழுவதும் மிச்சமிருக்கும் ஒரே நட்டின் மேல் விழுகிறது. ரிம் லேசாகச் சாய்ந்து அந்த நட்டை ஒரு பக்கமாக நெருக்கவும் செய்யும். பக்கத்து நட்டுகள் முடுக்கியிருந்தால் ரிம் ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியோடு, சமமாக ஒட்டி உட்காரும். சிக்கிய நட்டின் சுமை கொஞ்சம் குறையும். அதேபோல் சக்கரம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு பலம் போட்டால் வண்டி சரியும்.

அடுத்து, எதைப் பலி கொடுக்கப் போகிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த வேலையில் நான்கு பொருள்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன: நட்டு, ஸ்டட், ரிம், ஹப். ஸ்டட் என்பது ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை வெட்டிய கம்பி, அதன் மேல்தான் நட்டு ஏறுகிறது. நட்டும் ஸ்டட்டும் மலிவு. அலாய் ரிம்மும் ஹப்பும் விலை. நிறையப் பேர் நட்டைக் காப்பாற்றப் பார்த்து ரிம்மைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மழுங்கிய நட்டு எப்படியும் குப்பைக்குத்தான் போகப் போகிறது, அதன் மேல் இரக்கமே வேண்டாம். ஸ்டட் உடைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ரிம்மில் உளி பட்டால்தான் வருத்தம்.

சரி, நட்டு ஏன் வரவில்லை? வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் காரணம் வேறு வேறாக இருக்கும், அதைப் பொறுத்துத்தான் வழி.

மிகச் சாதாரணமான காரணம், கடைசியாகச் சக்கரம் மாட்டியவர் அளவுக்கு மீறி முடுக்கியது. சின்ன கார்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் முடுக்கம் பொதுவாக 100 நியூட்டன் மீட்டரை (திருப்பும் பலத்தை அளக்கும் அலகு) ஒட்டித்தான். ஹோண்டா கார்கள் பலவற்றில் 108, ஃபோக்ஸ்வாகனில் 120. பஞ்சர் கடையில் இருக்கும், காற்றழுத்தத்தில் நட்டைத் திருப்பும் அரை இஞ்ச் ஏர் கன்னோ பல மாடல்களில் 500-ஐத் தாண்டக் கூடியது. கன்னை வைத்து விசையை அழுத்திப் பிடித்தபடியே நின்றால் நட்டு எவ்வளவு இறுகியது என்று அவருக்கும் தெரியாது. பிறகு நீங்கள் கையளவு ஸ்பானரை வைத்து மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஒரு கணக்கு பாருங்கள். காரோடு வரும் எல் ஸ்பானரின் கை சுமார் 30 சென்டிமீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் அதன் நுனியில் ஏறி நின்றால் கிடைப்பது ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர். கன் கொடுத்த இறுக்கத்தோடு துருவும் சேர்ந்தால் அது போதாது. அதைவிட முக்கியம், மிதிக்கும்போது எல் ஸ்பானர் நேராக நிற்காது. வெளிப்பக்கமாகச் சாய்ந்து, நட்டைக் கவ்வும் சாக்கெட்டின் வாய் நட்டின் நுனியை மட்டும் பிடிக்கும். முனை மழுங்குவது அந்தச் சாய்வில்தான். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் துரு. உப்புக் காற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் அடிக்கச் சொல்வார்கள். அடிக்கலாம், ஆனால் எங்கே அடிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டீல் ரிம்மில் உங்கள் நட்டு வாய் திறந்ததாக இருந்து, ஸ்டட்டின் நுனி தெரிகிறது என்றால் வேலை சுலபம்: அந்த நுனியில் அடித்தால் எண்ணெய் நேராக மரைக்குள் இறங்கும். தலை மூடிய குமிழ் நட்டு என்றால் வெளியே எவ்வளவு அடித்தாலும் மரைக்கு ஒரு சொட்டும் போகாது. நட்டு ரிம்மில் உட்காரும் விளிம்பு வழியாகக் கசிந்து போவதுதான் ஒரே பாதை. அங்கே குழாய் வைத்து அடித்து, ஓர் இரவு விட்டு, காலையில் இன்னொரு தடவை அடிக்க வேண்டும். டபிள்யூடி-40 எல்லாக் கடையிலும் கிடைக்கும், இல்லாததற்கு அதுவே பரவாயில்லை. துருவைப் பிளக்கவென்றே விற்கும் ஸ்ப்ரே கிடைத்தால் அது மேல். எதை அடித்தாலும் பிரேக் டிஸ்க்கின் மேல் வழியாமல் துணி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மரை மாறி ஏறியது. நட்டைக் கையால் தொடங்காமல் முதல் சுற்றிலிருந்தே கன்னால் ஏற்றினால் நட்டு கோணலாகப் பிடித்து, மரையை அரைத்துக்கொண்டே உள்ளே போய்விடும். இதன் அடையாளம், கழற்றும்போது சில சுற்று வந்துவிட்டுப் பாதியில் கல் மாதிரி நின்றுவிடுவது.

நான்காவது, தகடு போர்த்திய நட்டு. சில கார்களில் பளபளப்புக்காக இரும்பு நட்டின் மேல் மெல்லிய தகட்டை உறை போல மாட்டியிருப்பார்கள். இடுக்கில் தண்ணீர் புகுந்து உள்ளே துரு கட்டினால் தகடு உப்பும். 19 மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறவே ஏறாது, 20 போட்டால் லொடலொடவென்று ஆடும். இதற்கு வைத்தியம் எளிது: மெல்லிய உளியால் தகட்டின் விளிம்பைத் தூக்கி உரித்துவிட்டால் உள்ளே நல்ல முனைகளோடு சின்ன நட்டு இருக்கும். அதன் அளவுக்கான சாக்கெட்டைப் போட்டுக் கழற்றிவிட்டு, நான்கையும் ஒரே வார்ப்பாகச் செய்த நட்டாக மாற்றிவிடுங்கள். ஒன்று உப்பியிருந்தால் மற்றதும் உப்பும்.

இப்போது உங்கள் நட்டுக்கு வருவோம். காரணம் முடுக்கமோ துருவோ, முனை மழுங்கியிருக்கிறது. வாங்க வேண்டியது இரண்டு: பிரேக்கர் பார் என்று கடையில் விற்கும் நீளமான கம்பி, குறைந்தது அரை மீட்டர் நீளம், அப்புறம் சாக்கெட். மழுங்கல் லேசாக இருந்தால் ஆறு பட்டை சாக்கெட்டே போதும். பன்னிரண்டு பட்டை சாக்கெட் நட்டின் முனையை மட்டும் பிடிக்கும், ஆறு பட்டை பக்கச் சுவரைப் பிடிக்கும். பளபளவென்று குரோம் பூசியதை வாங்காதீர்கள், கன்னுக்கென்று வரும் கறுப்பு சாக்கெட்டாகக் கேளுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டி வரும், குரோம் சாக்கெட் தெறிக்கலாம்.

ஆறு பட்டை பிடிக்கவில்லை என்றால் ஒரு சைஸ் சின்னதை அடித்து ஏற்ற வேண்டும். 19 நட்டுக்கு 18, 21 நட்டுக்கு 20. இங்கே மட்டும் பன்னிரண்டு பட்டைதான் நல்லது, அதன் பற்கள் மழுங்கிய இரும்பில் கடித்துக்கொண்டு இறங்கும். இதற்கென்றே உட்புறம் சுருள் வரி வெட்டிய சாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப அவை இன்னும் ஆழமாகக் கடிக்கும். விலை கொஞ்சம் கூட, ஆனால் மழுங்கிய நட்டுக்கு இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரிந்து இல்லை. வாங்குவதற்கு முன் அலாய் ரிம்மில் நட்டு உட்காரும் குழியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். சாக்கெட்டின் சுவர் தடிமனாக இருந்தால் குழிக்குள்ளேயே நுழையாது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாக்கெட்டை நட்டின் மேல் நேராக வைத்து, கனமான சுத்தியலால் நான்கைந்து அடி. ஒரே அடியில் முடிக்கப் பார்க்க வேண்டாம், வீல் பேரிங் அந்த அடியை விரும்பாது. அடிக்க அடிக்கச் சத்தம் மாறும். முதலில் வெற்றாக ஒலிக்கும், சாக்கெட் அடியில் போய் உட்கார்ந்ததும் கெட்டியான சத்தமாகிவிடும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த அடியே பாதி வேலையைச் செய்துவிடும், மரைக்கு நடுவே கட்டியிருக்கும் துரு அதிர்ச்சியில்தான் உடைகிறது.

பிறகு பிரேக்கர் பாரை மாட்டுங்கள். சாக்கெட்டுக்கும் பாருக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் ராடு போட வேண்டி வந்தால், அது சாயாதபடி அடியில் இரண்டு செங்கலோ ஸ்டாண்டோ வைத்துத் தாங்கல் கொடுங்கள். சக்கரத்தைப் பார்த்து நின்றால் பாரின் கை உங்கள் இடப்பக்கம் படுத்திருக்க வேண்டும், அதைக் கீழே அழுத்த வேண்டும். அப்போதுதான் இடஞ்சுழியாகத் திரும்பும், உங்கள் எடையும் உதவும். மேலே இழுக்கிற மாதிரி வைத்தால் முதுகு போய்விடும். பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும், உங்கள் காரில் அந்தக் கவலை இல்லை.

கழற்றுவதற்கு முன் முடுக்கும் திசையில் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். துரு எந்தத் திசையில் உடைந்தாலும் நமக்கு லாபம்தான். அதன்பிறகு கழற்றும் திசையில், குதிக்காமல், மெதுவாகக் கூடிக்கொண்டே போகும் பலம்.

இந்த இடத்தில் கையில் தெரிவதைக் கவனியுங்கள். நட்டு விடுபடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், ஸ்டட் உடைந்துவிட்டதோ என்று பயந்துபோவீர்கள். உடையவில்லை, துருப்பிடி விட்ட சத்தம். அடுத்த கால் சுற்று இன்னும் கடினமாகவே இருக்கும், அப்புறம் இலகுவாகும். மாறாக, சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருப்புகிற மாதிரி வளைந்து கொடுத்து, கையை விட்டால் பார் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது என்றால், திரும்புவது நட்டு அல்ல. உள்ளே 12 மில்லிமீட்டர் ஸ்டட்தான் முறுக்கிக்கொண்டிருக்கிறது. கூடவே பாருக்குப் பைப் மாட்டி நீட்டினீர்கள் என்றால் அடுத்து ஒடியும். ஒடிந்தாலும் பரவாயில்லை என்று முன்பே முடிவு செய்தோம் என்றாலும், அதற்கு முன் இன்னொரு இரவு எண்ணெய் விட்டுப் பார்ப்பது நல்லது.

மரை மாறிய நட்டு என்றால் ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. எண்ணெய் விட்டு, கால் சுற்று கழற்றி, எட்டில் ஒரு பங்கு திரும்ப முடுக்கி, மறுபடி கழற்றி, முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். வெளியே வரும்போது மரையில் இரும்புச் சீவல் கம்பிக் கம்பியாக ஒட்டியிருக்கும். அந்த ஸ்டட்டை இனி நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சூடு காட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் கேஸ் டார்ச் பிடிக்க வேண்டாம். ரிம்மின் சூடு டயருக்குள் ஏறினால் ரப்பரிலிருந்து எரியக்கூடிய வாயு கிளம்பும், உள்ளே அழுத்தம் ஏறும், டயர் வெடிக்கும். லாரிச் சக்கரங்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. காற்றை இறக்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. அதோடு நேற்றிரவு அடித்த ஸ்ப்ரேயும் தீப்பிடிக்கும், அலாயும் சூட்டில் வலுவிழக்கும். நட்டை மட்டும் சில நொடிகளில் சூடாக்கும் இண்டக்‌ஷன் ஹீட்டர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் கிடைத்தால் அது வேறு விஷயம்.

சாக்கெட் எதுவும் பிடிக்கவில்லை, நட்டு வட்டமாகிவிட்டது என்றால் ரிம்மைப் பொறுத்து இரண்டு வழி. ஸ்டீல் ரிம்மில் நட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அங்கே உளி நன்றாக வேலை செய்யும். நட்டின் பக்கத்தில் உளியை நேராக வைத்து முதலில் ஒரு வெட்டு ஏற்படுத்த வேண்டும். பிறகு அந்த வெட்டில் உளியைச் சரித்து, கழற்றும் திசையில் அடித்துச் சுற்ற வேண்டும். பழைய மெக்கானிக்குகள் இதைப் பேசிக்கொண்டே செய்துவிடுவார்கள். அலாய் ரிம்மின் குழிக்குள் உளியை விடவே கூடாது. அங்கே ஒன்று டிரில், இல்லாவிட்டால் வெல்டிங்.

டிரில் என்றால் ஸ்டட்டின் நடுவில் அல்ல, நட்டின் சுவரில், ஸ்டட்டுக்கு இணையாகத் துளை போட வேண்டும். மெல்லிய பிட்டில் தொடங்கி அகலப்படுத்திக்கொண்டே போய்ச் சுவர் மெலிந்ததும், துளைக்குள் குத்தூசி வைத்து ஓர் அடி அடித்தால் நட்டு பிளந்து இறுக்கத்தை விட்டுவிடும். பொறுமை வேண்டிய வேலை. துளை உள்பக்கம் சாய்ந்தால் மரை போகும், வெளிப்பக்கம் சாய்ந்தால் ரிம் போகும்.

வெல்டிங்கில் மழுங்கிய நட்டின் தலையில் வேறொரு நட்டையோ பழைய சாக்கெட்டையோ பற்றவைத்து, அதைப் பிடித்துத் திருப்புவார்கள். பிடி கிடைப்பது ஒரு லாபம், அந்தச் சூட்டில் துரு விடுவது இன்னொரு லாபம். டயருக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் உண்டு, அதனால் இரண்டு மூன்று சின்னப் பொட்டு வைத்து உடனே நிறுத்தத் தெரிந்த கை வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் வரலாம்: நட்டு சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. அப்படியென்றால் ஸ்டட்டும் கூடவே சுற்றுகிறது. ஸ்டட்டின் தலைக்குக் கீழே இருக்கும் வரிப்பற்கள்தான் அதை ஹப்பில் சுற்றவிடாமல் பிடிக்கின்றன, அவை தேய்ந்துவிட்டன என்று பொருள். ரிம்முக்குப் பின்னால் கடப்பாரை கொடுத்து வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்துக்கொண்டு ஒருவர் கழற்றினால் சில நேரம் வரும். வராவிட்டால் நட்டைப் பிளப்பதுதான்.

அலாய் வாங்கும்போது கொடுத்த லாக் நட்டின் (தனிச் சாவி போட்டால் மட்டும் திரும்பும் நட்டு) சாவி தொலைந்துவிட்டது என்று வருகிறவர்களுக்கும் மேலே சொன்ன அடித்து ஏற்றும் சாக்கெட்தான் மருந்து. சாவியை ஸ்டெப்னிக் குழியிலும் டேஷ்போர்டு டிராயரிலும் ஒரு தடவை தேடிவிட்டு அடியுங்கள்.

நட்டு வந்த பிறகு சாக்கெட்டுக்குள் சிக்கிக்கொண்டிருக்கும். பின்பக்கச் சதுரத் துளை வழியாகக் கம்பி விட்டு அடித்தால் விழுந்துவிடும். சில நேரம் நட்டு எல்லாம் போயும் ரிம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வராது. வண்டிக்கு அடியில் படுத்து உதைக்காதீர்கள். எல்லா நட்டையும் ஓரிரு சுற்று மட்டும் மாட்டி, ஜாக்கியை இறக்கி, முன்னும் பின்னும் ஓர் அடி உருட்டினால் விட்டுவிடும்.

ஸ்டட் கெட்டுப்போயிருந்தால் மாற்றுவது பல கார்களில் பெரிய வேலை இல்லை. பழையதைச் சுத்தியலால் பின்பக்கம் தட்டி எடுத்து, புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்பக்கம் வாஷர்களை அடுக்கி நட்டால் இழுத்து உட்காரவைப்பார்கள். சில கார்களில் பின்னால் இடம் போதாமல் ஹப்பையே கழற்ற வேண்டி வரும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவற்றில் ஸ்டட்டே கிடையாது, போல்ட் நேராக ஹப்புக்குள் போகிறது. அங்கே போல்ட் ஒடிந்தால் மிச்சத்தை ஹப்பிலிருந்து துளைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் அந்தக் கார்களில் கூடுதல் நிதானம் தேவை.

திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள், நேற்று அடித்ததையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே முடுக்கத்தில் ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும். முதலில் நான்கையும் கையால் ஏற்றி, குறுக்காக ஒன்றுவிட்டு ஒன்று முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சில் (முடுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்து முடியுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை சரிபாருங்கள். பஞ்சர் கடையில் கன்னைக் கழற்ற மட்டும் பயன்படுத்தச் சொல்லி, முடுக்குவதைக் கையால் செய்யக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்.

புது நட்டு வாங்கப் போகும்போது நன்றாக இருக்கும் பழைய நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மாருதியில் மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவில் 1.5. இரண்டும் 12 மில்லிமீட்டர் தடிமன்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கடைக்காரரும் மாற்றிக் கொடுத்துவிடலாம். ரிம்மில் உட்காரும் பக்கமும் கூம்பா, உருண்டையா, வாஷர் வைத்த தட்டையா என்று பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியான நட்டு என்றால், துடைத்த ஸ்டட்டில் இரண்டு விரலால் சுழற்றினாலே கடைசி வரை ஓடும். இரண்டு மூன்று சுற்றில் பிடித்தால் ஸ்பானரை எடுக்காமல் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.